அப்பாவின் திருகலும் உன் இழுவையும்

அண்ணா, என் அண்ணா,

இல்லை, இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இழுவை வேகமானது என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வேகம் மட்டும் போதுமா?

இந்தச் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டுப் போய்விட்டாய். பதில் சொல்லாதவனிடம் வாதாடுவது எளிது. அதில் ஒரு சுகமும் இல்லை.

நம் வீட்டில் இரண்டு துப்பாக்கிகள். அப்பா விட்டுப்போன திருகல். ஏற்காட்டில் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கப்பலேறிய துரையிடம் நீ வாங்கிய இழுவை. பெயர்கள் நாம் வைத்தவை. திருகலில் ஒருமுறை சுட்டபின், தோட்டா அறையை அடைக்கும் போல்ட்டின் கைப்பிடியை மேலே தூக்க வேண்டும், பின்னால் இழுக்க வேண்டும், முன்னால் தள்ள வேண்டும், கீழே மடக்க வேண்டும். இழுவையில் இழு, தள்ளு. அவ்வளவுதான். துப்பாக்கி தோளைவிட்டு இறங்காது. கண் பன்றியைவிட்டு நகராது.

“நீ இந்த நாலு வேலையும் செய்யறதுக்குள்ள பன்னி பென்னாகரம் போயி பஸ் ஏறிடும்” என்பாய்.

“உன்னுதுல தோட்டா மாட்டிக்கிச்சுன்னா நீதான் பஸ் ஏறணும்” என்பேன்.

மாட்டிக்கொண்டதே. அந்த ஐப்பசி விடியலில். ஈரம் பட்ட பழைய தோட்டா. சுட்டதும் அதன் கூடு உள்ளேயே உப்பி இறுகிவிட்டது. திருகலில் கைப்பிடியைத் தூக்கும்போதே கூடு கொஞ்சம் இளகிக்கொடுக்கும். இழுவையில் அந்த உதவி கிடையாது. இழுப்பவன் கைப்பலம் மட்டும்தான். காவல் பரணின் பலகையில் துப்பாக்கியின் அடிக்கட்டையை ஊன்றி, செருப்புக் காலால் கைப்பிடியை மிதித்தாய். பன்றிகள் கடலைச் செடியைப் பிடுங்கித் தின்றுவிட்டு நிதானமாகப் போயின. திருகல் என் மடியில்தான் இருந்தது. சிரித்த சிரிப்பில் சுட மறந்துபோனேன்.

ஆனாலும் இழுவையை ஒருநாளும் என் கையில் தரவில்லை நீ. கேட்டபோதெல்லாம் ஒரே பதில். “உனக்கு எதுக்கு பாப்பா? உனக்குத்தான் திருகல் இருக்குதில்ல.”

பிறகு அண்ணி வந்தார்.

கல்யாணம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. பல்கலைக்கழக விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்தேன். பையோடு கடலைக் கொல்லைப் பக்கம் நடந்தேன். சாயங்கால வெளிச்சம். பரணில் அண்ணி. அவர் தோளில் இழுவை. நீ கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாய். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

படித்த புத்தகங்களில் பொறாமைக்கு எத்தனையோ விளக்கங்கள். எனக்கு வந்தது விளக்கம் இல்லாதது. சாப்பிடாமல் எழுந்தேன். தலைவலி என்றேன். நீ நம்பினாய். நம்பியதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன்.

இப்போதைய செய்தி சொல்கிறேன். காமாலை உன்னைக் கொண்டுபோன மறுவாரமே இரண்டு துப்பாக்கிகளையும் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். காட்டு விலங்குகளைக் காக்கச் சட்டம் வந்துவிட்டது, அண்ணா. இனி வேட்டை இல்லை. பயிர்க்காவலுக்கு அண்ணி பெயரில் ஒன்று தருவார்களாம். ஒன்றுதான். மற்றதைச் சேலத்தில் துப்பாக்கிக் கடைக்காரருக்குக் கொடுத்துவிட வேண்டும். எதை வைத்துக்கொள்வது என்று நாங்கள் சொல்ல வேண்டும். அப்பாவின் பொருளும் இருப்பதால் நானும் கையெழுத்திட வேண்டும்.

அதைச் சொல்ல அண்ணியோடு மறுபடி ஸ்டேஷனுக்குப் போனபோது நான் முடிவோடுதான் போனேன். திருகல் இருக்கட்டும். இழுவை போகட்டும். எனக்குத் தராததை அண்ணியும் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏட்டு இரண்டையும் மேசைமேல் வைத்தார். “தொறந்து காட்டுங்கம்மா, உள்ள காலியான்னு பாத்துடலாம்.”

அண்ணி இழுவையை எடுத்தார். ஒரே இழுப்பு.

“அட, கதவுத் தாப்பா மாதிரியில்ல போவுது” என்றார் ஏட்டு.

பிறகு திருகல். அண்ணி வலக்கையைக் கைப்பிடியில் வைத்தார். அது மேலே எழவில்லை. மறுபடியும் முயன்றார். கட்டையை முழங்கால்களுக்கு இடையில் இடுக்கிக்கொண்டு, இடக்கையைக் குறுக்கே நீட்டித் தூக்கினார். அப்போதுதான் அந்த வலது மணிக்கட்டைப் பார்த்தேன். கோணலாகக் கூடிய எலும்பு. எப்போதும் முந்தானைக்குள் இருக்கும் கை.

திரும்பும் பஸ்ஸில் கேட்டேன்.

“சின்னதுல கெணத்து மேட்டுல வுழுந்துட்டேங்க. கட்டு சரியா போடல. இழுக்க வரும், தள்ள வரும். திருப்ப மட்டும் வராது. சாவிகூட எடது கையிலதான். எங்க வூட்டுல யாரும் வெளிய சொல்லல. நான் வந்த வாரத்துலயே அவரு கண்டுபுடிச்சிட்டாரு.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வந்த வாரத்திலேயே. எனக்குக் கண்ணாடி வேண்டும் என்று கண்டுபிடிக்க உனக்கு எத்தனை வருடம் ஆயிற்று, அண்ணா? கரும்பலகை தெரியாமல் நான் எத்தனை வகுப்பு தாண்டினேன்?

“திருகலையே வெச்சிக்கலாங்க பாப்பா” என்றார் அண்ணி.

“உங்களால சுட முடியாதே.”

“முடியாதுதான்.” மடியில் தூங்கிய உன் மகளின் தலையைச் சரிசெய்தார். “ஒருக்கா எண்ணெ போடலாம்னு அத எடுத்தேன். வெடுக்குனு புடுங்கிட்டாரு. அது பாப்பாவோடது, வெச்சிடுன்னாரு. ரெண்டு மூணு நாளு நான் அவரோட பேசல.”

“ஏன்?”

“வயித்தெரிச்சல்தாங்க. வேற என்ன. நீங்க மெட்ராஸ்ல இருக்கீங்க, உங்க துப்பாக்கிக்கு இங்க ஒருத்தரு காவல்.” சிரித்தார். உடனே நிறுத்திக்கொண்டார். “அத வித்துட்டு நான் அந்த வூட்டுல எப்படி இருக்கறது? அத புடுங்கனப்ப அவரு மூஞ்சிய நான் பாத்திருக்கேன்.”

எனக்கு என்ன வந்தது தெரியுமா? மகிழ்ச்சி. வெட்கம்கெட்ட மகிழ்ச்சி. அண்ணியிடமிருந்து நீ பிடுங்கி வைத்த ஒன்று என்னுடையது. பாப்பாரப்பட்டி வரும்வரை அதையே உள்ளுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தோம். வழியெல்லாம் கடலை பூத்திருந்தது. விழுது மண்ணில் இறங்கிக் காய் பிடித்துவிட்டால் பன்றி வரும். நான் சென்னையில் இருப்பேன். அண்ணி மட்டும் பரணில். கையில் தூக்க முடியாத ஒரு கைப்பிடி.

எங்களில் யாருக்கு நீ அதிகம்? ஆளுக்கொரு துப்பாக்கியைக் கொடுத்து இருவரையும் சமாதானப்படுத்தி வைத்திருந்தாயா? அல்லது நீ எதையுமே யோசிக்கவில்லையா? அப்படியும் இருக்கலாம். அதுதான் தாங்கவில்லை.

அண்ணியின் தோளில் இழுவை இருப்பதை நினைத்தால் இப்போதும் எரிகிறது. எரிந்துகொண்டேதான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் உறுதி சொல்கிறேன். கடலை பிடுங்கும் பருவத்தில் வருவேன். பரணில் அண்ணிக்குப் பக்கத்தில் உட்காருவேன். இழுவையைக் கேட்க மாட்டேன். அவராகத் தந்தால் வாங்கி, ஒரே ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். உன் கட்சி சரிதானா என்று அன்றைக்குச் சொல்கிறேன்.

அண்ணிக்கு வெகுகாலம் முன்பே உனக்கு வாய்த்தவள்,
உன் தங்கை

பி.கு. திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் கையெழுத்திட்டேன். இழுவை அண்ணி பெயரில். அங்கேயே வந்திருந்த சேலத்துக் கடைக்காரர் திருகலைச் சாக்கில் சுற்றிக் கட்டும்வரை நின்றிருந்தேன். பிறகு சென்னைக்குத் திரும்பச் சேலம் பஸ் ஏறினேன்.