புதன்கிழமை என்று எழுதினேன்

ஜனவரி 8

அன்புள்ள வாலு,

நீ போட்ட கடிதம் ஆபீசுக்கு வந்து சேர்ந்தது. வாசல் காவலர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கடுதாசி வந்திருக்கும்மா, நெஜக் கடுதாசி" என்று சொல்லித்தான் கொடுத்தார். நான் உங்கள் வீட்டை விட்டு வந்த நான்கு மாதத்தில் அங்கிருந்து எனக்கு வந்த முதல் சொல் அது. ஆனால் ஒரே பக்கம். அதிலும் பாதி நல விசாரிப்பு. பள்ளிக்கூட நூலகத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத் தாளுக்கா பஞ்சம்?

போன் வேண்டாம், எழுதிக்கொள்வோம் என்று நீ சொன்னது சரிதான். நீ போனைக் கையில் எடுத்தாலே அத்தை "யாரு?" என்பார். இங்கேயும் காலையில் வாசலிலேயே போனை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள்.

ஆபீசிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மாடியில் ஓர் அறை எடுத்திருக்கிறேன். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். ஒரு தட்டு, ஒரு டம்ளர், ஒரு நாற்காலி. இரண்டு நாற்காலியாக எடுத்தால் விலை குறையும் என்றார் கடைக்காரர். ஒன்றே போதும் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். சோறு மட்டும் இன்னும் இரண்டு பேருக்குத்தான் விழுகிறது. கைக்கு அந்த அளவுதான் தெரியும். மிச்சத்தை மறுநாள் சாப்பிடுகிறேன்.

அப்படி என்னதான் வேலை என்று கேட்டிருந்தாய். நீ கடையில் கார்டை வைத்ததும், "இவருக்குக் கொடுக்கலாமா?" என்று ஒரு கேள்வி கிளம்புகிறது. அது எங்கள் சர்வருக்கு வரும். நாங்கள் அதை உன் வங்கியிடம் கொண்டுபோய், பதிலை வாங்கிக் கடைக்குத் திருப்பிவிடுவோம். நீ பர்சை மூடுவதற்குள் முடிந்துவிடும். அந்தக் கேள்வியும் பதிலும் எங்கள் வழியாகத்தான் வந்தன என்பதற்கு ஒரு ரகசியச் சாவி உண்டு. இரும்புச் சாவி இல்லை, நீளமான ஓர் எண். அது யார் கையில் இருக்கிறதோ, அவர் எங்கள் பெயரில் பேசலாம்.

அந்தச் சாவியைத்தான் உங்கண்ணன் எடுத்துப்போனார். அதனால் பழைய சர்வரை மூடிவிட்டு, அடியிலிருந்து புதிதாகக் கட்டிக்கொண்டிருக்கிறோம். முன்பு சாவி ஒரு ஃபைலாகக் கிடந்தது. அவரும் நானும் திறக்கலாம். இப்போது ஒரு பூட்டிய இயந்திரத்துக்குள் இருக்கும். பாதியை ஒருவர், மீதியை இன்னொருவர் அடித்தால்தான் அது உயிர்பெறும். முழுதாக யாரும் பார்க்க முடியாது. ஒரு பாதி என்னிடம்.

அத்தை நடக்கிறாரா? நிறைய எழுது.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

இந்த முறை மூன்று பக்கம். எண்ணிக்கொள்ளுங்கள்.

அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கேட் வரை போகிறாள். இடுப்பில் ஆபரேஷன் செய்தவள் மாதிரியே இல்லை, வாய் மட்டும் இரண்டு மடங்காகிவிட்டது. நேற்று பக்கத்து வீட்டம்மாவிடம், "என் மருமக இருந்திருந்தா டாக்டரையே நாலு கேள்வி கேட்டிருப்பா" என்றாள். சொன்ன பிறகுதான் உறைத்திருக்கும். உடனே பேச்சை மாற்றிவிட்டாள்.

அண்ணன் ஒரு பிரிண்டர் ரிப்பேர் கடைக்குப் போகிறான். எத்தனையோ இடத்தில் கேட்டுப் பார்த்தான். பழைய ஆபீசில் விசாரிக்கிறார்கள், அதற்குப் பிறகு யாரும் கூப்பிடுவதில்லை. விரலிடுக்கில் மையோடு வருகிறான், சாப்பிடுகிறான், படுத்துவிடுகிறான். வீட்டில் மூன்று பேர் இருக்கிறோம். ஃபேன் சத்தம்தான் கேட்கிறது.

அண்ணி, ஒன்று கேட்கிறேன், கோபப்படாதீர்கள். இங்கே எல்லோரும் ஒரே வாக்கியம்தான் சொல்கிறார்கள்: "கட்டின புருஷனையே போட்டுக் கொடுத்துட்டா." அண்ணனைக் கேட்டால், "அவ டூட்டிய அவ செஞ்சா" என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறான். நீங்கள் பெட்டியை எடுத்துக்கொண்டு போன அன்று நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். என்ன நடந்தது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. கம்ப்யூட்டர் தெரியாதவளுக்குச் சொல்வது மாதிரி சொல்லுங்கள்.

உங்கள்,
வாலு


பிப்ரவரி 2

அன்புள்ள வாலு,

உன் கடிதத்தைப் பத்து நாளாகக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். கேட்டது நீ என்பதால் சொல்கிறேன்.

சர்வரில் யார் எதைத் தொட்டாலும் ஒரு வரி பதிவாகும். திங்கட்கிழமைதோறும் அந்தப் பதிவேட்டை வாசிப்பது என் வேலை. அந்தத் திங்கட்கிழமை ஒரு வரி: சாவி ஃபைல் பிரதி எடுக்கப்பட்டிருக்கிறது. பெயர், உங்கண்ணன். நாள், அத்தைக்கு ஆபரேஷன் நடந்ததற்கு முந்தின நாள்.

நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில், மடியில் சொந்த கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தார்.

"சாவிய எடுத்தியா?" என்றேன். உங்கள் முன்னால் 'அவர்', தனியாக இருந்தால் 'நீ'. கூட வேலை பார்த்த பழக்கம்.

"மூணு நாள்தான். அது இல்லாம இங்க உக்காந்து ஆபீஸ் வேலையப் பாக்க வழியில்ல. அம்மா கண்ணத் தொறந்தா பக்கத்துல யாராவது இருக்க வேணாமா?"

"லீவ் போட்டிருக்கலாமே."

"கேட்டேன். கொடுக்கல. உனக்குத்தான் தெரியுமே."

எனக்குத் தெரியும். நானும் லீவ் கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. அப்புறம் அவர் மெதுவாக, "அந்த ஒரு வரிய எடுத்துடு. உன்னால முடியும்" என்றார்.

முடியும்தான். அப்போது பதிவேடு அழிக்கக்கூடிய இடத்தில்தான் இருந்தது. சாவியை மாற்றிவிட்டு, அந்த வரியையும் எடுத்துவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் ஆஸ்பத்திரியில் எல்லோரும் பயன்படுத்தும் இணையத்தில் அந்தக் கம்ப்யூட்டர் மூன்று நாள் திறந்து கிடந்திருக்கிறது. வேறு யாராவது எடுத்தார்களா இல்லையா என்று அவராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. எங்களோடு இணைந்திருக்கும் ஒவ்வொரு கடைக்கும் வங்கிக்கும் அதைச் சொல்லியாக வேண்டும்.

இனி எழுதப்போவது யாருக்கும் தெரியாது. அன்று நான் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. இரண்டு நாளும் அந்த வரியைத் திறந்து திறந்து மூடினேன். புதன்கிழமை காலையில் ஒரு கடை நிறுவனத்திலிருந்து ஒரு பெண், வேறு விஷயத்துக்காக ஆபீஸ் போனில் பேசினாள். வைக்கும்போது சும்மா, "உங்க பக்கம் எல்லாம் சரிதானே மேடம்?" என்றாள். "சரிதாம்மா" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. எழுந்து போய் மேலாளரிடம் சொல்லிவிட்டேன்.

அறிக்கையில் 'எப்போது தெரிய வந்தது' என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் புதன்கிழமை என்று எழுதினேன். அவரைப் பற்றி ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. என்னைப் பற்றித்தான் இரண்டு நாளைக் குறைத்தேன்.

நல்லவேளை, சாவியை வேறு யாரும் பயன்படுத்தியதாகத் தெரியவில்லை. அவருக்கு வேலை போயிற்று. வீட்டில் அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் இருந்திருப்பேனோ என்னவோ.

உன்,
அண்ணி


பிப்ரவரி 12

அன்புள்ள அண்ணிக்கு,

என்னை நீங்கள் எப்படித் திட்டினாலும் தகும்.

உங்கள் கடிதத்தை நூலகத்திலேயே வைத்திருக்க வேண்டும். இன்னொரு முறை படிக்கலாம் என்று வீட்டுக்கு எடுத்துவந்தேன். அம்மாவின் மருந்துச் சீட்டைத் தேடி அண்ணன் என் பையைத் திறந்திருக்கிறான். நான் குளித்துவிட்டு வரும்போது உங்கள் கையெழுத்து அவன் கையில். நின்றபடியே படித்துக்கொண்டிருந்தான்.

"கொடுண்ணா" என்றேன். கொடுக்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

"அவ இத எழுதியிருக்கக் கூடாது. இது ஆபீசுக்குத் தெரிஞ்சா அவ வேலையும் போயிடும்" என்றான். அதை எந்த மாதிரி சொன்னான் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. கடைக்குப் போய்விட்டான். இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. கடிதமும் அவனிடம்தான் இருக்கிறது.

அவன் அப்படிச் செய்ய மாட்டான் அண்ணி. ஆனாலும் உங்களுக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். மன்னித்துவிடுங்கள்.

வாலு


பிப்ரவரி 20

அன்புள்ள வாலு,

அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய், இரண்டு இடத்தில் மை கரைந்திருக்கிறது. துடைத்துக்கொள். கடிதம் அவரிடமே இருக்கட்டும். பயப்பட ஒன்றும் இல்லை, நானே சொல்லிவிட்டேன்.

உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய்ச் சொல்லவில்லை. உனக்கு எழுதியதைத் தபாலில் போட்டேன் அல்லவா, அதற்கு மறுநாளே, மூன்றாம் தேதி. தாளில் ஒரு முறை எழுதிப் பார்த்த பிறகு அதைச் சுமந்துகொண்டு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. மேலாளர் அம்மாவின் அறைக்குப் போனேன்.

"அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே. இப்ப எதுக்கு?" என்றார்.

"தேதி தப்பா இருக்கு மேடம்."

கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அந்த ரெண்டு நாள்ல ஒண்ணும் நடக்கலையே" என்றார்.

"நடக்கல. நடந்திருக்கலாம்."

நான் சொன்னதை என் முன்னாலேயே பதிவேட்டில் ஏற்றினார். வேலை போகவில்லை. சாவி வைத்திருப்பவர்கள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். நியாயம்தான்.

புதிய சர்வர் பதினாறாம் தேதி ஓடத் தொடங்கியது. எங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து மட்டும் கேள்வி வரலாம். வருகிற ஒவ்வொன்றும் தன் சான்றிதழைக் காட்ட வேண்டும். ஒரே இடம் அளவுக்கு மீறிக் கேட்டால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். பதிவேடு வேறொரு கட்டடத்துக்குப் போய்விடுகிறது. யாராலும் அழிக்க முடியாது, என்னாலும் முடியாது. அதை அப்படி வைக்கச் சொல்லிக் கேட்டவளே நான்தான். ஐந்து மாத வேலை. சாவியின் இரண்டு பாதிகளை அடிக்கும்போது நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நின்றேன். முதல் கேள்வி உள்ளே வந்து, பதில் திரும்பிப் போனதும் எல்லோரும் கைதட்டினார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள். நானும் தட்டினேன். அறைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான், இதைச் சொல்ல ஆளில்லை என்பது உறைத்தது. இப்படி ஒரு சர்வரைக் கட்ட வேண்டும் என்று முதலில் சொன்னதே உங்கண்ணன்தான். அவரிடம் சொல். சொல்ல முடிந்தால்.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

சொன்னேன். சர்வர் ஓடுகிறது என்றதும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "பதிவேட்ட வெளிய அனுப்பிட்டாங்களா? நல்லது" என்றான். பிறகு, நீங்களே போய்ச் சொல்லிவிட்டதைச் சொன்னேன். மலர்ந்தது அப்படியே போய்விட்டது.

"எப்ப சொன்னாளாம்?"

"மூணாம் தேதியே. என் லெட்டர் போறதுக்கு முன்னாடியே."

"அப்படியா எழுதியிருக்கா? தேதிய மாத்தி எழுதினவதான."

கோபமாகச் சொல்லவில்லை அண்ணி, சோர்வாகத்தான் சொன்னான். பிறகு அவனாகவே பேசினான். இந்த ஆறு மாதத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"பாத்த ஒடனே போய்ச் சொல்லிட்டான்னுதான் நெனச்சிட்டிருந்தேன். அந்த லெட்டரப் படிச்சப்புறம்தான் தெரிஞ்சுது, ரெண்டு நாள் எனக்காகத் தவிச்சிருக்கா. போய்ப் பாத்துட்டு வரலாமான்னு நெனச்சேன். எந்த வண்டின்னுகூட விசாரிச்சேன். ஆனா நான் காட்டிக் கொடுத்துடுவேன்னு பயந்து முந்திக்கிட்டா பாரு. அவ்வளவுதான் என்மேல இருந்த நம்பிக்கை."

"இல்லண்ணா" என்று எவ்வளவோ சொன்னேன். வக்கீலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டான். உங்களுக்கு விவாகரத்துக் காகிதம் வரும்.

அம்மா உள்ளேயிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். "என் பக்கத்துல உக்காரத்தான் எடுத்தானா? என்கிட்ட ஏன் யாரும் சொல்லல?" என்று கேட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அண்ணி, அந்த மூன்றாம் தேதி உங்கள் பதிவேட்டில் இருக்கும்தானே? ஒரே ஒரு வரி. அதை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். நான் அவன் கண் முன்னால் நீட்டுகிறேன். அதைப் பார்த்தால் நம்புவான். எனக்கு ஆதாரம் வேண்டாம், நான் நம்புகிறேன். அவனுக்காகக் கேட்கிறேன். சீக்கிரம்.

வாலு


மார்ச் 17

அன்புள்ள வாலு,

அந்த வரி இருக்கிறது. பிப்ரவரி 3, காலை 10:40. அதற்கு எதிரே என் பெயர். இன்றைக்கும் பார்த்தேன்.

மேலாளர் அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். "உள்ளதுதான், நானே ஏத்தினேன். ஆனா பதிவேடு வெளிய போகக் கூடாதும்மா" என்றார். எனக்குத் தெரிந்ததுதான். விதியை எழுதியவர்களில் நானும் ஒருத்தி.

நீ சொன்னது போல ஒரு படம் எடுக்கலாம். வாசல் காவலர் என்னை நம்புகிறார். இன்னொரு போன் இருக்கிறதா என்று பையைக் கிளறிப் பார்க்க மாட்டார். ஒரு நிமிட வேலை. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அறையிலிருந்து ஒரு பழைய போனைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு தெருமுனை வரை போய்விட்டேன். அந்த இடத்தில்தான் ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த விதம் எனக்குப் புரிந்தது. 'ஒன்றும் ஆகாது, ஒரு தடவைதான்' என்று அவரும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு அம்மா, எனக்கு அவர். திரும்பி வந்து போனை அலமாரியில் வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

ஒரு தாளில் பார்த்து எழுதி அனுப்பலாம். ஆனால் அது என் சொல்தானே. என் சொல்லைத்தானே அவரால் நம்ப முடியவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. அவர் அப்படி நினைக்க இடம் கொடுத்தவள் நான்.

வக்கீல் காகிதம் வெள்ளிக்கிழமை வந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டேன். தேதியை இரண்டு முறை சரிபார்த்துப் போட்டேன். இதோடு கூடவே தபாலில் சேர்க்கிறேன். இந்தத் தெருமுனைக் கதையை அவரிடம் சொல்ல வேண்டாம். சொன்னாலும் அதற்கும் ஆதாரம் கிடையாது.

அத்தையிடம் மட்டும் ஒன்று சொல். அவர் கண் திறந்தபோது பக்கத்தில் மகன் இருந்தான் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. நானும் இருந்திருக்க வேண்டும்.

நீ எழுதுவதை நிறுத்திவிடாதே. மூன்று பக்கம் வேண்டாம், முன்போல ஒரு பக்கம் போதும். பாதிக்கு நலம் விசாரித்தாலும் சரி. காகிதம் முடிந்து வந்தபின் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று உனக்குத் தயக்கமாக இருக்கும். ஒன்றும் போடாமல் தேதியை மட்டும் போட்டு ஆரம்பி. உன் எழுத்து எனக்குத் தெரியும்.

அதுவரைக்கும்,
உன் அண்ணி