குருவியின் கன்னத்தில் விழுந்த வெளிச்சம்

மார்ச் 4

பெரியவனுக்கு அம்மா எழுதுவது.

அன்றைக்கு லேசர் அறையில் இருந்தவர்கள்: டாக்டரம்மா, எல்லோருக்கும் கண்ணாடி மாட்டிவிட்ட நர்ஸ், உன் பெண்டாட்டி, அவள் மடியில் உன் மகள், நம் குருவி, பக்கத்தில் நான். கதவுவரை ஒட்டிக்கொண்டு வந்தவள் எதிர்வீட்டுக்காரி. குருவி பிறந்த அன்று அவள் கன்னத்துச் சிவப்பு மச்சத்தைப் பார்த்து, "ஐயோ, பொண்ணாச்சே" என்றாளே, அவளேதான். நான் மறக்கவில்லை.

குருவியின் சின்ன முகத்துக்குப் பெரிய கறுப்புக் கண்ணாடி. "பாட்டி, நான் வெல்டிங் மாமா மாதிரி இருக்கேனா?" என்றாள். டாக்டரம்மா தடித்த பேனா போன்ற ஒன்றைக் கன்னத்தருகே பிடித்தார். பளிச், பளிச். ரப்பர் பேண்டால் சுண்டியதுபோல் வலிக்குமாம். அழுதாள், ஆனால் முகத்தை அசைக்கவில்லை.

"தோலு வெந்துடாதா டாக்டர்?" என்று கேட்டேன்.

"வெளிச்சம் தோலைத் தாண்டிப் போயிடும் பாட்டி. உள்ளே விரிஞ்சு கிடக்கற ரத்தக்குழாயைத்தான் பிடிச்சு மூடும்."

கண்ணே இல்லாத வெளிச்சத்துக்கு எது சிவப்பு என்று தெரிகிறதடா! மேலே ஒரு கீறல் இல்லை. கையெடுத்துக் கும்பிட்டேன், டாக்டரம்மாவையா, அந்த மெஷினையா, எனக்கே தெரியவில்லை.

மச்சம் முன்பைவிடக் கருத்திருக்கிறதா என்று பார்க்க, கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படம் கேட்டார். இங்கே இருந்தவை பழைய போனோடு தண்ணீரில் போய்விட்டன. நீ அங்கிருந்து போனில் அனுப்பியதைக் காட்டினோம். "இது வேற குழந்தையா?" என்றார். ஒவ்வொரு படத்திலும் கன்னம் துடைத்துவைத்த தட்டுபோல இருக்கிறது.

மச்சத்தை யாரடா அழித்தது?

அம்மா

மார்ச் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

நான்தான் அழித்தேன். கூட வேலை செய்பவர்கள் படத்தைப் பார்த்து, "குழந்தை முகத்துல என்ன?" என்று கேட்டபடியே இருந்தார்கள். பதில் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனேன். வேறு எண்ணமில்லை, கோபப்படாதீர்கள். மச்சம் முழுக்கப் போனதும் லீவு போட்டு வருகிறேன். எல்லோரும் சேர்ந்து புதிதாக ஒரு படம் எடுத்துக்கொள்வோம்.

உங்கள் மகன்

ஜூன் 2

பெரியவனே,

இரண்டாவது தடவையும் ஆயிற்று. செக்கச்செவேல் என்று இருந்தது, விடிகிற வானம்போல் வெளுத்துக்கொண்டு வருகிறது. மூக்கு இடிக்கும்படி கிட்டே போய்ப் பார்க்கிறேன். சிவப்பு எங்கே முடிகிறது, வெளுப்பு எங்கே தொடங்குகிறது என்று பிடிபடவில்லை. "பாட்டி, மூச்சு சுடுது, தள்ளிப் போ" என்கிறாள் குருவி. எதிர்வீட்டுக்காரி வாயைப் பிளந்து நின்றாள். கன்னத்தில் வெயில் படக் கூடாதென்று தொப்பியும் வாங்கிக் கொடுத்தாள். போகட்டும், அவளை மன்னித்துவிட்டேன்.

டாக்டரம்மா சொன்னதையும் கேட்டுக்கொள்: "கொஞ்சம் நிறம் நின்னுடலாம் பாட்டி. முழுசா போயிடும்னு வாக்கு குடுக்க மாட்டேன்."

நேற்று அந்தப் படங்கள் குருவியின் கையில் அகப்பட்டுவிட்டன. "அப்பாகிட்ட இருக்கற இந்தப் பாப்பா யாரு?" என்று கேட்டாள். உன் பெண்டாட்டி எழுந்து உள்ளே போய்விட்டாள். நீ வந்து சொல்.

சிவப்பு மிச்சம் இருக்கும்போதே வா. அந்தக் கன்னத்திலேயே ஒரு முத்தம் கொடு. முழுக்கப் போகட்டும் என்று அங்கேயே உட்கார்ந்திருந்தாயானால், எதிர்வீட்டுக்காரியையே மன்னித்த நான், சாகும்வரை மன்னிக்காத ஒரே ஆள் நீதான்டா, என் வயிற்றில் பிறந்த மூத்தவனே.