ஓரம் கிழிந்த சீட்டு

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் இருமல் நின்றதா? நீ போனை எடுக்காததால் உன் கூட்டாளி கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபித்துக்கொள்.

பஸ் கண்டக்டரான என் பெயர் குலுக்கலில் விழுந்து, நான் நம் வட்டாரத்தின் தேர்வாளராகப் போனது உனக்குத் தெரியும். நாடே ஓட்டுப் போட்டாலும், ஜனாதிபதியின் பெயரைக் கடைசியில் எழுதுவது வட்டாரத்துக்கு ஒருவராக நாற்பத்தொரு பேர்தான். வட்டாரத்தில் ஜெயித்தவர் பெயரைத்தான் எழுதவேண்டும் என்பது வழக்கம். சட்டமில்லை. நம் வட்டாரத்தில் ஜெயித்தவர் கப்பல் கம்பெனி முதலாளி, அந்தக் கப்பல்காரர். நாடு முழுக்க எண்ணினால் அவரை எதிர்த்து நின்ற நீதிபதியம்மாவுக்கு இரண்டு லட்சம் ஓட்டு அதிகம். இதில் என்ன நியாயம், நீயாவது மாற்றி எழுது என்று நீ கெஞ்சியதில் தப்பே இல்லை. துறைமுக வேலைநிறுத்தத்தில் உன்மேல் போட்ட வழக்கை அந்த அம்மா வாபஸ் வாங்கியிருப்பார். ஒளிந்து திரிவதை விட்டு நீ வீட்டுக்கு வந்திருப்பாய். நானும் அவருக்குத்தான் ஓட்டுப் போட்டேன்.

தேர்வாளர்கள் மண்டபத்தில் கூடிச் சீட்டு எழுதும் நாளன்று காலை, நான் வேலை பார்க்கும் நம் வண்டியிலேயே போனேன். ஜன்னலோர இடத்துக்காகப் பத்து வருஷமாக என்னோடு மல்லுக்கு நிற்கிற சலவைக் கடைக்காரர் எழுந்து அந்த இடத்தை எனக்குக் கொடுத்தார். "நாங்க சொன்னத பத்திரமா கொண்டு போய் சேத்துடுங்க" என்றார்.

மண்டபத்தின் உயரத்தைப் பார்த்தே மிரண்டு போனேன். அதைவிட மிரள வைத்தது மேஜைமேல் இருந்த சீட்டு. நம் பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம்தான் பெரிது. நம் வட்டாரத்தின் மூன்று லட்சம் பேர் இதற்குள் எப்படி அடங்கினார்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

முதலில் நீதிபதியம்மா பெயரைத்தான் எழுதினேன். கண்ணுக்குள் உன் முகம்தான் இருந்தது. மடித்து நீட்டும்போது, டிக்கெட் கிழிக்கிற பழக்கதோஷத்தில் ஓரத்தைக் கிழித்துவிட்டேன். அதிகாரி பதறிப்போனார். கிழிந்த சீட்டு செல்லாதாம். பிரித்துக்கூடப் பார்க்காமல் சுக்குநூறாக்கிவிட்டு வேறொன்று கொடுத்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பிறகுதான் யோசித்தேன். நான் டிக்கெட்டின் ஓரத்தைக் கிழித்தால், போர்டில் போட்ட ஊருக்கு ஏறியவரைக் கொண்டு சேர்ப்பேன் என்று அர்த்தம். எனக்குப் பிடித்த ஊரா என்று என்றைக்காவது பார்த்திருக்கிறேனா? இரண்டாவது சீட்டில் கப்பல்காரர் பெயரை எழுதினேன்.

இருபத்தொன்றுக்கு இருபது என்று கப்பல்காரர் ஜெயித்தார். ஒரே ஒரு சீட்டு, தம்பி. இவ்வளவு பெரியதை ஒருத்தி கையில் கொடுக்கலாமா? கூடாது. இந்த முறையையே மாற்றச் சொல்லி மனு எழுதி வண்டியில் நீட்டினேன். முதலில் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? சலவைக் கடைக்காரர். தன் ஆள் ஜெயித்த பிறகும்! மனிதர்களை நினைத்தால் பிரமிப்பாகத்தான் இருக்கிறது.

உன் அறை ஜன்னலுக்குப் புதுக் கொக்கி போட்டிருக்கிறேன். இனிமேல் சாரல் உள்ளே வராது.

எங்கே இருந்தாலும் நீ நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வேன். நீ ஒன்றும் பேச வேண்டாம். எடுத்தால் போதும்.

உன்
அக்கா