மண்ணுக்குள் இருந்த ஓட்டுத்துண்டு

உடும்பஞ்சோலை
ஞாயிறு காலை

அன்பு மகன் பாண்டீஸ்வரனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அங்கே கத்தாரில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்கவேண்டும் என்று மாரியம்மனைக் கும்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, அப்பா வாங்கி எல்லாம் நல்லாருக்கு என்று சொல்லி வைத்துவிடுகிறார். அதனால்தான் இதை எழுதி, இங்கே இருக்கிற கோமதி டீச்சரிடம் கொடுத்துப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாங்கள் வீட்டில் இல்லை ராசா, பள்ளிக்கூடத்து முகாமில் இருக்கிறோம். பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

போன வாரம் அடித்த மழையில் நாம் கட்டிக்கொண்டிருக்கிற புது வீட்டுக்கு மேலே ஏலச்செடிகளுக்கு நடுவில் நிலம் நீளமாக வெடித்துவிட்டது. வில்லேஜ் ஆபீசில் சொன்னோம், மண்ணும் பாறையும் பார்க்கிற டின்சி என்ற பெண்ணைக் கூட்டிவந்தார்கள். மலையாளத்துப் பிள்ளை, தமிழ் நன்றாகப் பேசுகிறாள். வெடிப்பைப் பார்த்துவிட்டு நேரே நம் வீட்டுக்குப் பின்னால் வந்து, மனை சமப்படுத்த ஜேசிபி வெட்டிய மேட்டைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். வருஷமெல்லாம் அந்த மேட்டை நானும்தான் பார்த்தேன், எனக்கு வெறும் மண். அவள் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, “அம்மா, அடியில கெடக்கிறது முதல்ல வந்தது, மேல கெடக்கிறது பின்னால வந்தது, அப்படிப் பாருங்க” என்றாள். மேலே வேரோடு செம்மண், அதற்குக் கீழே கல்லும் களிமண்ணும் கலந்து தாறுமாறாகக் கிடக்கிறது, அதற்கும் கீழே ஒரு சாண் கருப்பு மண், அதன் அடியில் மறுபடியும் கல்லும் களியும். ஆற்றில் வந்த கல் உருண்டிருக்குமாம், இது முனை மழுங்காமல் இருப்பதால் மலையிலிருந்து சரிந்து வந்ததுதானாம். அந்தக் கருப்பு மண் ஒரு காலத்தில் செடி முளைத்து இலை மக்கிய தரையாம். மலை ஒரு தடவை இறங்கி, காடு வளர்ந்து, பிறகு மறுபடியும் இறங்கியிருக்கிறது என்றாள்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எங்க அப்பன் காலத்துலருந்து இங்கனதான் கெடக்கோம், இந்த மலை ஒரு நாளும் எறங்குனதில்ல, அதெல்லாம் மனுசன் பொறக்குறதுக்கு முந்தி” என்று சத்தம் போட்டார். அந்தப் பிள்ளை கருப்பு மண்ணுக்கு மேலே இருந்த கல்லுக்கு நடுவிலிருந்து எதையோ நெம்பி எடுத்தாள். சுட்ட ஓட்டுத்துண்டு. “ஓடு இதுக்குள்ள இருக்குன்னா, ஓடு போட்டு ஆள் குடியிருந்த பிறகுதான் இந்த மண்ணு வந்திருக்கு” என்றாள். அப்பா விடவில்லை, யாராவது குழி வெட்டிப் போட்டு மூடியிருப்பார்கள் என்றார். குழி வெட்டியிருந்தால் மேலே இருக்கிற செம்மண்ணும் அறுந்திருக்குமே, அறுத்த இடத்தை நீங்களே காட்டுங்கள் என்றாள். அப்பா மேட்டின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கையால் தடவிக்கொண்டே போனார். எங்கேயும் அறுபடவில்லை. திரும்பி வந்தவர் என்னைப் பார்த்து, “ஏய் செல்வலட்சுமி, துணிமணிய எடுத்து வை” என்று மட்டும் சொன்னார். அந்த ஓட்டுக்குக் கீழே குடியிருந்தது யார், எத்தனை பேர், தப்பினார்களா என்று சொல்ல இங்கே ஒருவரும் இல்லை. ஒரு பெயர்கூட மிஞ்சவில்லை.

வீட்டு வேலையை நிறுத்திவிட்டோம். நேற்று மழை விட்ட நேரத்தில் அப்பா ஆட்களைக் கூட்டிப்போய், நீ ஆசைப்பட்டுத் தேக்கில் செய்யச் சொன்ன வாசல் நிலையைக் கழற்றிப் பள்ளிக்கூட வராந்தாவில் சாத்திவைத்திருக்கிறார். அவரிடம் ஏன் கழற்றினீர்கள் என்று கேட்காதே, கோபம் இருந்தால் என்னிடம் கொட்டு. அடுத்து எங்கே கட்டுவது என்று தெரியவில்லை. லீவு போட்டு ஓடிவராதே, வந்து நீ செய்ய இப்போது ஒன்றும் இல்லை.

ஆனால் ஒன்று செய். உன்னோடு படித்த கொத்தனார் ஏசுரத்தினம் நமக்குப் பக்கத்து வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறான். நிலத்தைப் பிடுங்கத்தான் ஓட்டுத்துண்டைக் காட்டுகிறார்கள் என்று வருகிறவர்களை எல்லாம் ஏசுகிறான். அவன் பெண்டாட்டி ரோசி கைப்பிள்ளையோடு அங்கேயே சமைத்துக்கொண்டிருக்கிறாள். அப்பா போய்ச் சொல்லியும் கேட்கவில்லை, நீ சொன்னால் கேட்பான். இன்று சாயங்காலத்திலிருந்து மழை கூடும் என்கிறார்கள். நீ நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுளோடு இருக்கவேண்டும் ஐயா. இதைப் படித்ததும் எனக்குப் போன் போடாதே, முதலில் அவனுக்குப் போடு.

உன் நினைப்பாகவே இருக்கும்
அம்மா செல்வலட்சுமி