முப்பது விநாடி அழுகை

அக்காவுக்கு,

அம்மா இறந்த வாரம், அவருடைய சேலைகளை மடித்தபடி அப்பா அழுததை என் ஆவணப்படத்தில் ஆறு நிமிடம் வைத்திருந்தேன். அது நடிப்பில்லை என்று உனக்குத் தெரியும்.

"இப்ப ஆரடா இவ்வளவு நேரம் பாக்கினம்?" என்றாய். முப்பது விநாடியாக வெட்டி, சிரிப்பு மூட்டும் பகிடிப் பாட்டும் சேர்த்து இணையத்தில் போட்டாய். எட்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் முழுப் படத்துக்கு லிட்கம் மண்டபத்தில் பதினொரு பேர் வந்தார்கள்.

நேற்று வென்ட்வேர்த்வில் கடையில் ஒரு பெண் அப்பாவிடம் போனை நீட்டினாள். "அங்கிள், அந்த அழுகையை ஒருக்காச் செய்து காட்டுங்கோ."

நான் தடுப்பதற்குள் அப்பா முகத்தைப் பொத்தி அழுது காட்டினார். கடையே சிரித்தது.

காரில் ஏறியதும், "நல்லா வந்ததோ?" என்று கேட்டார்.

ஓம் என்றேன். அதற்காகவும் உன்னை மன்னிக்கமாட்டேன்.

தம்பி