ஆற்றுக்கு அப்பால் போன ஆஸ்பத்திரி

மச்சான்,

இன்று காலை ஓஸ்டர்முண்டிகனில் எங்கள் மேல்வீட்டுக்காரர் பேர்ச் மர விறகு இறக்கினார். ஈரப்பட்டையின் வாசனை வந்ததும், சுவிஸுக்கு வரும் வழியில் ரஷ்யாவில் நாம் ஒளிந்திருந்த மரவீடு நினைவுக்கு வந்தது. நீ போய் ஒரு மாதமாகிறது.

நம்மைக் களவாகக் கூட்டிவந்த ஏஜென்சிக்காரன் சில நாட்கள்தான் என்று சொல்லி இறக்கிவிட்ட கிராமம் அது. குளிர்காலம் முழுவதும் அங்கேதான் கிடந்தோம். தட்டையான நிலம், காடு, சதுப்பு, நடுவே வளைந்து போகும் அகன்ற ஆறு. வீட்டுக்காரியிடம் நீ கொஞ்சம் ரஷ்ய மொழி பழகியிருந்தாய். அவள் சொன்ன ஊர்க்கதையை எனக்குச் சொன்னவனும் நீதான். முன்பு ஆற்றின் இந்தக் கரை தனி மாவட்டமாம். சோவியத் காலத்தில் அக்கரை மாவட்டத்தோடு சேர்த்தார்களாம், பிறகு பிரித்தார்களாம், மறுபடியும் சேர்த்தார்களாம். முதல்முறை சேர்த்தபோது அக்கரைக்குப் போன ஆஸ்பத்திரி திரும்பி வரவேயில்லை. பாலமும் கிடையாது. கோடையில் படகு, குளிரில் உறைந்த ஆற்றின்மேல் பாதை.

இரண்டும் இல்லாத நாட்களில்தான் எனக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. ஆற்றின் பனிக்கட்டி இளகத் தொடங்கியிருந்தது. வீட்டுக்காரி கதவை மறித்தாள்.

"இவன் மூச்சு இழுக்கிற சத்தம் உங்களுக்குக் கேக்கேல்லையோ? நான் போட்டு வாறன்" என்று அவளிடம் தமிழிலேயே சொல்லிவிட்டு, நீளமான தடியொன்றோடு ஆற்றில் இறங்கிப் போனாய். கையில் ஒரு கடதாசியும் இல்லை. பொலிஸ் பிடித்தால் நம் பயணம் அத்தோடு முடிந்திருக்கும்.

பொழுது சாயும் முன்னர் ஒரு தாதியோடு திரும்பி வந்தாய். இந்தக் கிராமமும் தன் பொறுப்புத்தான் என்றாளாம். நாம் யார் என்று அவள் கேட்கவேயில்லை. ஊசி போட்டாள். மறுநாள் பனிக்கட்டி உடைந்து ஓடியது. படகு விடும்வரை அவளும் நம்மோடு தங்கவேண்டியதாயிற்று. நான் பிழைத்தேன்.

லோசான் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்த அன்று, போனில் அந்த இடத்தைத் தேடினோம். மாவட்டத்துக்கு இப்போது வேறு பெயர்.

"திரும்பவும் மாத்திப்போட்டாங்கள். பாலம் போட்டிட்டாங்களோ எண்டு பார்."

வரைபடத்தைப் பெரிதாக்கி ஆற்றோடு நகர்த்தினேன். "இல்லையடா."

நீ இருமும்வரை சிரித்தாய்.

செத்தவீட்டில் உன் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"அப்பாவோ? அவருக்கு நீந்தத் தெரியாது மாமா. தண்ணியெண்டாலே பயம். எங்களை ஏரியில குளிக்க விட்டிட்டு, சப்பாத்துக் கழட்டாமல் கரையில நிப்பார்."

நீ எனக்கு அதைச் சொன்னதேயில்லை. பயம் அறியாதவன் என்றுதான் இவ்வளவு காலமும் உன்னை நினைத்திருந்தேன். பயந்து பயந்துதான் அந்த ஆற்றைக் கடந்திருக்கிறாய், மச்சான், போகவும் வரவும்.