நீ தொடாத சோறு

அக்கா, நாளைக்கு வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் கிளம்புகிறார்கள். வாசலில் மினி லாரி நிற்கிறது. இரும்பு அடுப்பு, தார்ப்பாய், அன்னக்கூடை எல்லாம் ஏற்றியாயிற்று. பரணிலிருந்து நம் பெரிய குண்டானையும் இறக்கினார்கள். அதன் அடியில் சவுக்குப் புகை வாசனை இன்னும் போகவில்லை. மோந்ததிலிருந்து எனக்கு உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பார்த்துப் பார்த்து நான் வாங்கிய குண்டான். பழசுதான். புளியும் சாம்பலும் போட்டுக் கை தேயத் தேய்த்திருந்தேன். நாம் சேர்ந்து நடந்த அந்த வருஷம், மரக்காணம் தாண்டி, சவுக்குத் தோப்பில் அதில் முதல் உலை வைத்தபோது நீ உள்ளே மூக்கை நுழைத்தாய்.

"யார் வூட்டு குண்டானோ, இதுல இன்னா கறி வெந்துச்சோ. நான் விரதத்துல கீறேன், எனக்கு வாணாம்."

"மாதாவே ஒன்னும் சொல்லல, உனக்கு இன்னா?" என்றேன். காவி கட்டிய கூட்டம் சிரித்தது. நீ சிரிக்கவில்லை. கோயில் போய்ச் சேரும்வரை உனக்குப் பன்னும் டீயும்தான்.

ஆனால் அடுப்பை விட்டும் நகர மாட்டாய். ஈர விறகு உன் கைக்குத்தான் பிடிக்கும். கண் சிவக்க ஊதி எரியவிடுவாய். எல்லாரும் சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்து பன்னைப் பிய்ப்பாய். ஒரே வீட்டுக்கு வாக்கப்பட்ட ஓரகத்தி, ஊர் பார்க்க என் கைச்சோற்றைத் தொடாவிட்டால் நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது?

கடலூர்ப் பக்கம் ஒரு சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. கத்திரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. லாரியிலிருந்து இலைக்கட்டை எடுத்து வந்தேன். நீ தலையைத் தூக்காமலே சொன்னாய்.

"உப்பு கம்மி."

உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தேன். கம்மிதான். கோபத்தில் உப்பை அள்ளிப் போட்டேனே தவிர, உன்னை ஒன்றும் கேட்கவில்லை. ஊர் திரும்பியும் பேசவில்லை. அந்தக் கிறிஸ்துமசுக்கு முன்னாலேயே நீ கண்ணை மூடிவிட்டாய்.

"இன்னா அத்தை, குண்டானையே சுத்திகினு கீறீங்க?" என்கிறாள் மருமகள்.

பன்னைத் தின்றாயே, அதை நான் மறக்க மாட்டேன். மாதா எதிரில் கேட்டாலும் மன்னிக்க மாட்டேன். ஆனால் இன்றைக்கும் சாம்பார் கொதிக்கையில் உப்பு டப்பாவோடு கை நின்றுவிடுகிறது. நான் இலைக்குப் போன அந்த நேரத்தில் ஒரு சொட்டாவது நாக்கில் வைத்தாயா அக்கா? வாசனையிலேயே தெரிந்தது என்று மட்டும் சொல்லிவிடாதே.